பாதையும் பாதமும்

பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு முன்பே நாம் அனைவரும் கற்று முடித்துவிடும் பாடம் ஒன்று உண்டு. அதுதான் நடத்தல். கற்று முடித்த பாடத்தை யாரும் திரும்பப் புரட்டிப் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை. ஆனால் என் அறுபத்து மூன்றாம் வயதில், பிரான்சு நாட்டின் தென்மேற்கிலுள்ள ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில், அந்தப் பாடத்தை மறுபடியும் முதல் எழுத்திலிருந்து படிக்க நேர்ந்தது. அங்கே நான் கற்றவற்றையும், கற்கும்போது செய்த ஒரு பெரும் பிழையையும், அப்பிழை எனக்கு நினைவூட்டிய இன்னொரு பழைய பிழையையும் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

என் மகள் துலூஸ் நகரத்தில் பணிபுரிகிறாள். 2019ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அவளிடம் சென்றிருந்தேன். "அப்பா, அரண்மனைகளையும் கோபுரங்களையும் எல்லாரும் பார்க்கிறார்கள். நாம் நான்கு நாள் நடந்து வருவோமா?" என்று அவள் கேட்டாள். நடப்பதற்காகவா கடல் கடந்து வந்தேன் என்று முதலில் எண்ணினேன். எனினும் பெற்ற மகள் கேட்கும்போது மறுக்க மனம் வரவில்லை. முதுகில் ஒரு சிறு மூட்டை, கையில் ஒரு கோல், காலில் தடித்த அடியுடைய காலணி, இவ்வளவே எங்கள் ஆயத்தம்.

பயணத்தைச் சொல்லுமுன், அந்நாட்டில் நடைபாதைகள் எவ்வாறு உருவாயின என்பதை நீங்கள் அறிய வேண்டும். பாதை என்பது தானாகத் தோன்றிய ஒன்று என்றே நாம் பொதுவாக நினைக்கிறோம். அவ்வாறன்று. ஒவ்வொரு பாதைக்குப் பின்னும் யாரோ ஒருவருடைய உழைப்பு இருக்கிறது.

பாரிசுக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் ஃபோந்தேன்புளோ என்னும் பெருங்காடு உள்ளது. அரசர்கள் வேட்டையாடிய காடு அது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தெனெகூர் என்பவர் அக்காட்டை அடுத்த ஊரில் வாழ்ந்தார். 1788இல் பிறந்த அவர், நெப்போலியனுடைய படையில் போர்வீரராக இருந்து காயமுற்றவர். படைவீடு ஒன்றில் காவலராகப் பணியாற்றியபோது, தம் அரசியல் கருத்துகளின் பொருட்டு 1832இல் அந்தப் பணியை இழந்தார். வேலை போனவர் வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லை. காட்டுக்குள் நடந்தார். நடக்க நடக்க, தாம் கண்ட பாறைகளையும் குகைகளையும் பழமரங்களையும் பிறரும் வழிதவறாமல் கண்டு மகிழ வேண்டும் என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. 1842ஆம் ஆண்டு முதல் மரங்களிலும் பாறைகளிலும் நீல வண்ணத்தால் சிறு அம்புக்குறிகள் தீட்டத் தொடங்கினார். 1875இல் அவர் மறைவதற்குள், ஏறக்குறைய 150 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாதைகள் அமைந்துவிட்டன. இவை யாருடைய ஆணையாலும் தொடங்கியவை அல்ல. தம் கைப்பொருளையும் கால் வலிமையையும் செலவிட்டு அவர் தொடங்கியவை. குறியிட்ட நடைபாதை என்பதன் வரலாற்றில் இவையே மிகப் பழையவற்றுள் சேர்ந்தவை.

அதே காட்டுக்கு ஓவியர்களும் வந்தனர். காட்டின் ஓரத்திலுள்ள பார்பிசோன் என்னும் சிற்றூரில் தங்கி, மரங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் தீட்டினர். முதிய ஓக் மரங்கள் வெட்டப்படுவதைக் கண்டு மனம் பொறாத தியோதோர் ரூசோ என்னும் ஓவியர், 1852இல் அரசிடம் முறையிட்டார். அடுத்த ஆண்டே 624 ஹெக்டேர் காடு வெட்டுதலிலிருந்து விலக்கப்பட்டது. 1861இல் வந்த ஆணை 1,097 ஹெக்டேரைக் 'கலைப்பகுதி' என ஒதுக்கியது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஏற்பட்டது 1872இல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். பணியிழந்த போர்வீரர் ஒருவர் காட்டிலே வழியைத் திறந்தார். வண்ணம் தீட்டுவோர் சிலர் மரங்களின் உயிருக்காகப் பரிந்து பேசினர். இருவரும் அதிகாரம் உடையவர்கள் அல்லர். நடந்து பார்த்தவர்கள், அவ்வளவே. இயற்கைப் பாதுகாப்புக்கான உலகச் சங்கம் 1948இல் அதே ஃபோந்தேன்புளோவில் தோன்றியது என்பதும் பொருத்தமான செய்தியே.

இரண்டாம் உலகப்போர் முடிந்த பின்னர், 1947இல், நெடுந்தூர நடைபாதைகளுக்கென ஒரு தேசியக் குழு பிரான்சில் அமைந்தது. ழான் லுவாசோ என்னும் கட்டடக்கலைஞரின் கனவு அது. அதே ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், லுவார் ஆற்றங்கரையில் ஓர்லெயான் நகருக்கும் போழான்சி என்னும் ஊருக்கும் இடையே முதற்பாதை திறக்கப்பட்டது. போரினால் பாலங்கள் உடைந்து, உணவுக்கே பங்கீட்டு அட்டை வைத்திருந்த நாட்டில், மக்கள் நடந்து மகிழப் பாதை போட்டவர்களின் மனத்திடத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை. இன்று அந்நாட்டில் குறியிடப்பட்ட நடைபாதைகளின் மொத்த நீளம் 1,80,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. இக்குறிகளைத் தீட்டிப் புதுப்பிப்போர் பெரும்பாலும் சம்பளம் பெறாத தொண்டர்கள். விடுமுறை நாளில் வண்ணக் குப்பியும் தூரிகையும் அரிவாளும் எடுத்துக்கொண்டு புறப்படுகிறார்கள்.

அக்குறிகளின் மொழி மிக எளியது. நெடும்பாதைக்கு வெள்ளைக் கோடு ஒன்று, அதன் கீழே சிவப்புக் கோடு ஒன்று. இரண்டும் கிடையாக இருந்தால் நேரே செல்லலாம். கீழே ஒரு கோடு வளைந்து திரும்பினால், வழியும் அப்பக்கம் திரும்புகிறது. வெள்ளையும் சிவப்பும் ஒன்றையொன்று வெட்டிப் பெருக்கல் குறிபோல் நின்றால், அது தவறான வழி. செல்லாதே என்று பொருள். சிறிய உள்ளூர்ப் பாதைகளுக்கு மஞ்சட்கோடு. மொழி தெரியாத அயலானும் ஐந்து நிமிடத்தில் கற்கலாம். நானும் கற்றேன், கற்றும் பிழைத்தேன். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நாங்கள் தொடங்கிய ஊர் ஃபிஜாக். செலே என்னும் சிற்றாற்றின் கரையில் அமைந்த பழைய நகரம். 1790இல் இங்கே ஒரு புத்தக வணிகரின் மகனாகப் பிறந்தவர்தாம் எகிப்திய ஓவிய எழுத்தின் மறைபொருளை 1822இல் உலகுக்கு விளக்கிய ஷம்போலியோன். அவருக்குப் பன்னிரண்டு ஆண்டு மூத்த அண்ணன் கல்வியில் வழிகாட்டி நின்றார். ரோசெட்டாக் கல்லின் மாபெரும் கருங்கல் வடிவம் ஒன்று அவ்வூரின் முற்றம் ஒன்றில் தரையோடு தரையாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. எழுத்துகளின்மேல் மக்கள் நடந்து போகிறார்கள். எழுத்தின்மீது காலை வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஓரமாக நடந்து போனேன். என் மகள் சிரித்தாள்.

ஃபிஜாக்கிலிருந்து மேற்கே செல்லும் 65ஆம் எண் நெடும்பாதை, ஸ்பெயினிலுள்ள சாந்தியாகோ திருத்தலத்துக்கு யாத்திரிகர்கள் பல நூற்றாண்டுகளாக நடந்த வழி. பிரான்சிலுள்ள இந்த யாத்திரை வழிகள் 1998இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. பெதுவேர் என்னும் சிற்றூர் அருகே அதிலிருந்து பிரிந்து, செலே ஆற்றோடு செல்லும் கிளைப்பாதை 651. நாங்கள் அதைப் பற்றிக்கொண்டோம்.

இனி அந்த நிலத்தின் அமைப்பைச் சிறிது விளக்குவேன். புவியியல் ஆசிரியரின் சுவை எனக்கு இன்னும் போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே மேலே இருப்பது சுண்ணாம்புக்கல் பீடபூமி. அந்நாட்டார் அதனைக் 'கோஸ்' என்பர். மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு சிறிது புளிப்புத்தன்மை பெறுகிறது. அந்நீர் சுண்ணாம்புக்கல்லை ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மெல்ல மெல்லக் கரைக்கிறது. விரிசல் துளையாகிறது, துளை குகையாகிறது. ஆகவே மேலே பெய்த மழை மேலே நிற்பதில்லை. பீடபூமியில் நீரோடை காண்பது அரிது. குட்டையான ஓக் மரங்களும், முள்ளார்ந்த ஜூனிப்பர்ப் புதர்களும், ஆடுகள் மேயும் காய்ந்த புல்லுமே அங்கே உண்டு. உள்ளே புகுந்த நீரோ, அடியில் பள்ளத்தாக்கின் செங்குத்தான பாறையடியில் ஊற்றாகப் பீறிடுகிறது. அதனால் ஆற்றோரம் பசுமை கொழிக்கிறது. பாப்ளார் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. அக்ரூட் மரங்கள் நிழல் விரிக்கின்றன. மேலே வறட்சி, கீழே வளம். இரண்டுக்கும் இடையே நூறு மீட்டர் ஏற்றம். எங்கள் பாதை ஒரு நாளில் பலமுறை ஏறி இறங்கியது. ஒரே நாளில் இரண்டு நாடுகளைக் கண்டதுபோல் இருந்தது.

முதல் நாள் மாலை எஸ்பாஞாக் என்னும் சிற்றூரை அடைந்தோம். ஆற்றின் மேல் பழைய கற்பாலம். அப்பால் ஒரு காலத்தில் கன்னியர் மடமாக இருந்த கட்டடம். அதன் மணிக்கூண்டின் உச்சியில் மரச்சட்டமும் செங்கல்லும் சேர்ந்த ஒரு கூடு. அங்கே நடைபயணிகள் தங்கும் எளிய விடுதியில் இரவைக் கழித்தோம். ஒரே அறையில் பல கட்டில்கள். ஒரே மேசையில் சூப்பும் ரொட்டியும். பக்கத்தில் அமர்ந்தவர் யார், என்ன பதவி என்று யாரும் கேட்கவில்லை. "இன்று எங்கிருந்து நடந்தீர்கள்? கால் எப்படி இருக்கிறது?" என்பதே கேள்வி. முப்பத்து நான்கு ஆண்டுகள் 'ஐயா' என்று எழுந்து நின்று வணங்கப்பட்டவனுக்கு, கால் நலம் விசாரிக்கப்பட்டது புதுமையாகவும் இனிமையாகவும் இருந்தது.

இரண்டாம் நாள்தான் பிழை நேர்ந்தது. காலையில் பள்ளத்தாக்கிலிருந்து பீடபூமிக்கு ஏறினோம். சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் கல்லின்மேல் கல்லடுக்கிக் கட்டிய வேலிச்சுவர்கள் பாதையின் இருபுறமும் சென்றன. ஆங்காங்கே அதே முறையில் கட்டிய கூம்புக்கூரைக் குடில்கள் தென்பட்டன. 'காசெல்' என்று அவற்றுக்குப் பெயர். வயலிலிருந்து பொறுக்கிய கற்களை எறிந்துவிடாமல், மழைக்கு ஒதுங்க வீடாக்கிய உழவர்களின் அறிவை வியந்துகொண்டே நடந்தேன். வியப்பில் கண் பாதையை விட்டுப் போயிற்று. ஓரிடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. அகலமான வழி ஆற்றின் பக்கமாக இறங்குவதுபோல் காணப்பட்டது. அதன் ஓரத்தில் இருந்த ஓக் மரத்தில் வெள்ளையும் சிவப்புமாகக் குறி இருந்தது.

"அப்பா, அது பெருக்கல் குறி. இந்த வழி இல்லை" என்றாள் மகள்.

"ஆறு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. எந்த வழியில் இறங்கினாலும் ஆற்றுக்குத்தான் போகும். இது குறுக்கு வழி" என்றேன். தலைமையாசிரியராக இருந்தவன் சொல்லிவிட்டான். பிறகு பேச்சு ஏது? அவள் மௌனமாக என் பின்னே வந்தாள்.

முக்கால் மணி நேரம் நடந்தோம். வழி ஆற்றுக்கு இறங்கவில்லை. வளைந்து மீண்டும் பீடபூமிக்குள் சென்று, ஆட்டு மேய்ச்சல் நிலமொன்றின் கம்பிவேலியில் முடிந்தது. புட்டியில் நீர் தீர்ந்தது. நான் சற்றுமுன் உங்களுக்கு விளக்கினேனே, சுண்ணாம்புக்கல் பீடபூமியில் நீர் நிற்பதில்லை என்று. அந்த உண்மையை நாவறட்சியோடு உணர்ந்தேன். அப்போது இழுவை வண்டியில் வந்த முதிய உழவர் ஒருவர் எங்களைக் கண்டு நிறுத்தினார். மகள் நிலைமையை அவர் மொழியில் சொன்னாள். அவர் முதலில் தம் நீர்ப்புட்டியை நீட்டினார். பிறகு இரு கைகளையும் குறுக்காக வைத்துக் காட்டி, "இதைப் பார்க்கவில்லையா?" என்பதுபோல் என்னை நோக்கிப் புருவத்தை உயர்த்தினார்.

நண்பர்களே, எத்தனை ஆயிரம் விடைத்தாள்களில் சிவப்பு மையால் அந்தக் குறியை நான் போட்டிருப்பேன்! மாணவன் ஒருவன் அதைக் கண்டும் காணாததுபோல் அடுத்த தேர்விலும் அதே பிழையைச் செய்தால், எவ்வளவு சினந்திருப்பேன்! எனக்கென்று ஒருவர் மரத்திலே போட்டு வைத்த குறியை நான் மதிக்கவில்லை. காரணம் அறியாமை அன்று. குறியின் பொருள் எனக்குத் தெரியும். அருகில் இருந்தவளும் சொன்னாள். இருந்தும் என் நெடுநாள் பழக்கம், பிறர் சொல்லைக் கேட்க விடவில்லை.

திரும்பி நடந்தோம். போன வழியே திரும்புவதைப்போல் நீண்ட வழி உலகில் வேறில்லை. அந்த ஓக் மரத்தடியில் நின்று குறியை மீண்டும் பார்த்தேன். வண்ணம் புதிதாக இருந்தது. அவ்வாண்டுதான் யாரோ ஒரு தொண்டர் வந்து, என்னைப்போல் ஒருவன் வருவான் என்று எண்ணிப் புதுப்பித்திருக்க வேண்டும். "மன்னித்துக்கொள், அம்மா" என்று மகளிடம் சொன்னேன். "பரவாயில்லை அப்பா, இனிமேல் குறியை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள். அன்று முதல் நான் முன்னே நடந்தேன். ஆனால் அதிகாரத்தால் அல்ல, குறி பார்க்கும் வேலையால்.

அந்தப் பாதையில் இன்னொரு காட்சி என்னைத் துன்புறுத்தியது. 'புயி' என்று அவ்வூரார் கூறும், என்றும் பசுமை மாறாத குற்றுமரங்கள் காட்டின் அடியில் நிறைந்திருந்தன. அவற்றுள் பல இலையின்றி வெண்மையாக உலர்ந்து நின்றன. கிழக்காசியாவிலிருந்து வணிகச் செடிகளோடு வந்து சேர்ந்த ஓர் அந்துப்பூச்சியின் புழுக்கள் அவற்றைத் தின்று தீர்த்திருந்தன. செடி விற்பனைக்காக ஒரு தொட்டி கடல் கடந்ததன் விளைவு, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒரு காடு மொட்டையாவது. காரில் விரைபவன் கண்ணுக்கு அக்காடு பசுமையாகவே தோன்றும். நடப்பவன் கண்ணுக்குத்தான் அது நோயுற்றிருப்பது தெரிகிறது.

மார்சியாக் என்னும் ஊரில், பாதி இடிந்த பழைய துறவி மடத்தின் அருகே இரண்டாம் இரவு தங்கினோம். மூன்றாம் நாள் மாலை கப்ரெரே அடைந்தோம். அவ்வூருக்கு மேலே குன்றில் இருக்கிறது பெஷ் மெர்ல் என்னும் குகை. இந்தக் குகையின் கதையைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

கப்ரெரேயில் லெமோசி என்னும் பாதிரியார் இருந்தார். பழங்காலத்து மனிதரைப் பற்றி ஆராய்வதில் அவருக்குப் பேரார்வம். தாம் கற்றதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல், ஊர்ச் சிறுவர்களுக்கும் எடுத்துரைத்து, குன்றுகளைத் தேடிப் பாருங்கள் என்று ஊக்கினார். 1922இல் ஆந்திரே தாவித், ஆன்றி துதெர்த்ர் என்னும் இரு சிறுவர்கள், உங்களைப்போல் பதின்ம வயதினர், தாவிதின் குடும்ப நிலத்திலிருந்த இடுக்கொன்றில் நுழைந்து, ஊர்ந்து ஊர்ந்து உள்ளே சென்றனர். கைவிளக்கின் ஒளியில் அவர்கள் கண்டது மனித குலத்தின் மிகப் பழைய ஓவியக்கூடங்களுள் ஒன்று.

நாங்களும் உள்ளே சென்றோம். குகையின் காற்று கெடாதிருக்க, ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல் விடுவதில்லை. உள்ளே குளிர்ச்சி. ஒரு பாறைச் சுவரில் முதுகோடு முதுகாக இரண்டு குதிரைகள். உடல் முழுவதும் கரும்புள்ளிகள். வலப்பக்கக் குதிரையின் தலை, பாறையின் இயற்கை வடிவத்தோடேயே இயைந்து நிற்கிறது. சுற்றிலும், பாறையில் கையை வைத்து அதன்மேல் வண்ணத்தை ஊதியதால் ஏற்பட்ட கையின் நிழல்கள். இவை ஏறத்தாழ 29,000 ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பட்டவை என்பர். புள்ளிக் குதிரை உண்மையில் இருந்ததா, கற்பனையா என்று அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். பழங்குதிரைகளின் எலும்பிலிருந்து எடுத்த மரபணுக்களை ஆராய்ந்து, அத்தகைய புள்ளிகளுக்குரிய மரபணு அக்காலத்திலேயே இருந்தது என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. குகை ஓவியன் கண்டதைத்தான் தீட்டியிருக்கிறான் என்று கொள்ள இடமேற்பட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக என்னை நிறுத்தியது வேறொன்று. குகையின் தரையில், முன்பு சேறாக இருந்து பின் இறுகிப்போன களிமண்ணில், சில காலடித்தடங்கள். இளவயதினர் ஒருவருடையவை. விரல்களும் குதிகாலும் தெளிவாகத் தெரிகின்றன. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பிள்ளை அந்த இருளில் நடந்திருக்கிறது. அதன் பெயர் இல்லை, மொழி இல்லை, குலம் இல்லை. பாதம் மட்டும் இருக்கிறது.

அங்கே நின்றபோது என் பழைய பிழை நினைவுக்கு வந்தது. நான் தலைமையாசிரியராக இருந்த ஒரு பள்ளியில், புவியியல் ஆசிரியராக இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை இரண்டு நாள் எங்கள் ஊர் ஆற்றங்கரையோடு நடத்திச் சென்று, மண்ணையும் மரத்தையும் மடுவையும் நேரில் காட்ட வேண்டும் என்று விண்ணப்பம் எழுதித் தந்தார். தங்குமிடம், உணவு, மருந்து, உடன்வரும் பெற்றோர் எல்லாவற்றையும் குறித்து, கையால் ஒரு வழிப்படமும் வரைந்து இணைத்திருந்தார். நான் அதன் ஓரத்தில், 'மாணவர் பாதுகாப்புக் கருதி அனுமதி இல்லை' என்று சிவப்பு மையால் எழுதிக் கையொப்பமிட்டேன்.

பாதுகாப்பு என்பது ஒரு நல்ல சொல். பிள்ளைகளின் உயிரில் விளையாடக் கூடாது என்பது உண்மையே. ஆற்றங்கரையில் அச்சத்துக்குரிய இடங்களும் உண்டு. ஆனால் அந்த விண்ணப்பத்தில் நான் படித்துப் பார்த்திருக்க வேண்டியவை நான்கு பக்கம் இருந்தன. நான் அவற்றைப் படிக்கவே இல்லை. ஏதேனும் நேர்ந்தால் மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டுமே என்பதுதான் என் கவலை. என்னைக் காத்துக்கொள்வதற்குப் பிள்ளைகளின் பெயரைப் பயன்படுத்தினேன். லெமோசி பாதிரியார் "தேடிப் பாருங்கள்" என்றார். ஓர் உலகம் திறந்தது. நான் "வேண்டாம்" என்றேன். அந்த வகுப்புப் பிள்ளைகள் எதனைக் காணாமற் போனார்கள் என்பதை இனி யார் அறிவார்?

நான்காம் நாள் செலே, லொத் என்னும் பேராற்றில் கலக்கும் இடத்தைக் கடந்தோம். பூசியேஸ் என்னும் ஊருக்கு அப்பால், செங்குத்தான சுண்ணாம்புப் பாறையின் அடிவயிற்றைக் குடைந்து, ஆற்றை ஒட்டி ஒரு பாதை செல்கிறது. தலைக்கு மேல் பாறை, இடப்பக்கம் ஆறு, நடுவே ஒரு வண்டித்தடத்தளவு வழி. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வெட்டியது. கஓர் நகரத்துத் திராட்சை மதுவையும் பிற பண்டங்களையும் ஏற்றிய படகுகள் போர்தோ துறைமுகம் நோக்கிச் செல்லும். மேலே திரும்பும் படகுகளைக் கயிறு கட்டிக் கரையிலிருந்து இழுக்க வேண்டும். அதற்காகவே அந்தப் பாதை. பிறகு ரயில் வந்தது. படகு ஓய்ந்தது. கயிறு ஓய்ந்தது. பாதை மட்டும் எஞ்சியது. இன்று நடப்பவர்களுக்கு உரியதாயிற்று. அதன் முடிவில், ஆற்றுக்கு மேலே குன்றின் விளிம்பில் தொங்குவதுபோல் சேன் சீர் லபோப்பி என்னும் ஊர் தோன்றியது. ஏறக்குறைய 70 கிலோமீட்டர் நடந்து எங்கள் பயணம் நிறைவுற்றது.

எஞ்சிய பாதைகளைப்போல் மறைந்த பாதைகளும் உண்டு. போருக்குப் பின் பிரான்சில் சிறு வயல்களை ஒன்றாக்கிப் பெருவயல்களாக்கும் திட்டம் நடந்தது. இயந்திரங்களுக்கு அது வசதியாயிற்று. ஆயின் வயல்களுக்கிடையே இருந்த வேலிகளும் பாதைகளும் பலவிடங்களில் அழிந்தன. அந்நாட்டுச் சட்டப்படி, கிராமப்பாதை ஊராட்சியின் உடைமை, பொதுமக்களின் பயனுக்குரியது. ஆனால் பொதுமக்கள் அதைப் பயன்படுத்துவது நின்றுவிட்டால், முறைப்படி அதை விற்றுவிடலாம். 1983இல் வந்த சட்டம் மாவட்டந்தோறும் நடைபாதைகளின் பட்டியல் ஒன்றை வகுக்கச் செய்தது. அதில் ஏறிய கிராமப்பாதையை விற்க வேண்டுமானால், தொடர்ச்சி அறாதவாறு மாற்றுப்பாதை காட்ட வேண்டும். இவ்வளவு காவல் இருந்தும், அடிப்படை ஒன்றுதான்: நடப்பவர் இருக்கும்வரை பாதை இருக்கும். நடப்பதே அதற்குக் காவல்.

நடப்பவருக்குக் கடமைகளும் உண்டு. திறந்த வேலிக்கதவை மூடிவிட்டுச் செல்ல வேண்டும். இல்லையெனில் மேயும் ஆடு வழிதப்பும். பாதையில் உதிர்ந்து கிடந்தாலும் அக்ரூட் காய் உழவருடையது, மூட்டையில் போட்டுக்கொள்ளலாகாது. கொண்டுபோன குப்பையைக் கொண்டுவர வேண்டும். இவை எவையும் பெரிய செயல்கள் அல்ல. ஆனால் பாதை பொதுவாக இருப்பது இச்சிறு செயல்களால்தான்.

ஊர் திரும்பியதும், அந்த ஆசிரியரின் முகவரியைத் தேடிப் பெற்று, அவருக்குக் கடிதம் எழுதினேன். நான் செய்தது தவறு என்றும், அதைப் பிரான்சு நாட்டுக் குகையொன்றில் நின்று உணர்ந்தேன் என்றும் எழுதினேன். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. என் வருத்தத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 'தாங்கள் திருப்பித் தந்த விண்ணப்பத்தையும், அதில் நான் வரைந்த வழிப்படத்தையும் இன்னும் வைத்திருக்கிறேன்' என்று மட்டும் எழுதி, அப்படத்தின் நகல் ஒன்றை உடன் வைத்திருந்தார்.

அது இப்போது என் மேசைமேல் இருக்கிறது. ஆற்றங்கரை, மருதமரத்தோப்பு, பழைய படித்துறை, அணைக்கட்டு எல்லாம் அழகாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஓரத்தில் என் சிவப்பு மைக் கையொப்பமும் இருக்கிறது. அந்த அனுமதியை இன்று கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. அப்படத்திலுள்ள பாதைகள் இத்தனை ஆண்டுகளில் அப்படியே இருக்கின்றனவா, முள்மூடிப் போயினவா, வேலிக்குள் அடைபட்டனவா என்பதையும் நான் அறியேன். நடந்து பார்த்தாலன்றி அது தெரியாது.

மாணவ நண்பர்களே, பிரான்சு நாட்டுக்குப் போய்த்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊரிலும் ஓர் ஆறோ, ஏரியோ, குன்றோ இருக்கும். அதற்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை இருக்கும். தக்க பெரியவர் ஒருவரைத் துணைகொண்டு, நீரும் எடுத்துக்கொண்டு, வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். வழியில் காண்பதைக் குறித்து வையுங்கள். உங்கள் ஆசிரியர் அழைத்தால் மகிழ்ந்து செல்லுங்கள். அழைக்கவில்லையெனில், நீங்களே சென்று பணிவோடு கேளுங்கள். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தலைமையாசிரியர் எவரேனும் இருப்பின், அவருக்கு என் விண்ணப்பம் ஒன்று உண்டு. அடுத்த முறை அப்படியொரு தாள் உங்கள் மேசைக்கு வரும்போது, சிவப்பு மையைத் திறக்குமுன் நான்கு பக்கத்தையும் படித்துப் பாருங்கள்.